மன்னிப்பும் கேட்கிறார்கள், பாவம் என்றும் சொல்கிறார்கள்: சூனியம், விக்கா, கிறிஸ்தவம்

2022 மார்ச் 8 அன்று ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் ஒரு மன்னிப்பைப் பதிவு செய்தார். 1563 முதல் 1736 வரை அந்நாட்டில் இருந்த சூனியச் சட்டத்தின்கீழ் குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் கேட்ட மன்னிப்பு அது. சுமார் 4,000 பேர்மீது குற்றச்சாட்டு விழுந்தது, ஏறக்குறைய 2,500 பேர் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெரும்பாலானோர் பெண்கள். அதே ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவையும் மன்னிப்பு கேட்டது. அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் 1692-இல் நடந்த சூனிய வழக்கில் குற்றவாளி என்ற பெயரோடு மிச்சமிருந்த கடைசிப் பெண்ணை மாசசூசெட்ஸ் மாநிலம் 2022-இல் விடுவித்தது. 2023-இல் கனெக்டிகட்டும் தன் பழைய வழக்குகளில் அதையே செய்தது.

இதையெல்லாம் படிக்கிறவருக்கு ஒரு கேள்வி எழும். சபை மன்னிப்பு கேட்டது, சரி. ஆனால் அநேகமாக எல்லாத் திருச்சபைகளின் போதனையிலும் சூனியம் இன்றும் பாவம்தானே? மேற்கு நாடுகளில் விக்கா என்ற பெயரில் இயங்கும் மதத்தார் தங்களைப் பெருமையோடு சூனியக்காரர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களைச் சபைகள் எந்தக் கணக்கில் சேர்க்கின்றன? பழைய பகை தொடர்கிறதா, இல்லை இது வேறு விவகாரமா?

முதலில் பிரித்துக்கொள்ள வேண்டிய மூன்று

சூனியம் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சங்கதிகள் புழங்குகின்றன. இவற்றைப் பிரிக்காமல் பேசினால் யார் சொல்வதும் யாருக்கும் புரியாது.

1. ஊர் மந்திரம். காய்ச்சலுக்கு மந்திரிப்பது, காணாமல் போன மாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்வது, ஆகாதவனுக்குச் செய்வினை வைப்பது. இது இல்லாத நாடு இல்லை. ஐரோப்பியக் கிராமங்களிலும் கூலி வாங்கிக்கொண்டு இதைச் செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்களை நல்ல கிறிஸ்தவர்களாகவே நினைத்தார்கள். மந்திரத்துக்கு நடுவே பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரும் வரும்.

2. சாத்தானின் அடியாள். பிசாசோடு ஒப்பந்தம் போட்டு, இரவில் பறந்துபோய்க் கூட்டம் கூடி, குழந்தைகளைக் கொன்று தின்னும் இரகசியக் கும்பலைச் சேர்ந்தவள். இந்த உருவம் கிராமத்தில் பிறந்ததல்ல. 15-ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் மேசையில் உட்கார்ந்து கட்டியது. அப்படி ஒரு கும்பல் இருந்ததற்குச் சித்திரவதையில் பெறப்பட்ட வாக்குமூலங்களைத் தவிர வேறு நம்பத்தக்க சான்று கிடையாது.

3. விக்கா. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவான புதிய மதம். ஒரு தேவி, ஒரு தேவன், ஆண்டுக்கு எட்டுப் பருவ விழாக்கள், நிலவை ஒட்டிய சடங்குகள். சாத்தானுக்கு இதில் இடமே இல்லை.

வேதாகமம் சொல்வது

சட்டம் என்ற அளவில் பழைய ஏற்பாடு கண்டிப்பானது. யாத்திராகமம் 22:18 "சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்" என்கிறது. உபாகமம் 18-ஆம் அதிகாரம் குறி கேட்பது, மந்திரம் போடுவது, செத்தவர்களிடம் விசாரிப்பது என்று ஒரு பட்டியலே போட்டுத் தடுக்கிறது.

ஆனால் கதைகளுக்குள் போனால் நிறம் கொஞ்சம் மாறுகிறது. 1 சாமுவேல் 28-இல் சவுல் ராஜா, தான் நாட்டைவிட்டே துரத்திய கூட்டத்தைச் சேர்ந்த ஒருத்தியைத் தேடி, வேஷம் மாறி எந்தோர் என்ற ஊருக்குப் போகிறான். அஞ்சனம் பார்க்கும் அந்தப் பெண் கடைசியில் பயந்து நடுங்கும் ராஜாவுக்குக் கன்றை அடித்து, அப்பம் சுட்டுச் சாப்பிடக் கொடுத்து அனுப்புகிறாள். கண்டனம் முழுவதும் சவுல்மீதுதான் விழுகிறது.

புதிய ஏற்பாட்டில் மரண தண்டனை என்ற பேச்சே இல்லை. மாயவித்தைக்காரனான சீமோனைப் பேதுரு கடிந்துகொண்டு மனந்திரும்பச் சொல்கிறார், அவ்வளவுதான். எபேசுவில் விசுவாசிகளான மந்திரவாதிகள் 50,000 வெள்ளிக்காசு பெறுமான புத்தகங்களைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். தங்கள் புத்தகங்களைத் தாங்களே எரிக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பவுல் கலாத்தியருக்கு எழுதும் பட்டியலில் பில்லிசூனியம் விக்கிரகாராதனைக்கு அடுத்து வருகிறது. அதே பட்டியலில் பகை, கோபம், பொறாமை, வெறி ஆகியவையும் உண்டு.

ஆக, பாவம் என்பதற்கு வேதத்தில் ஆதாரம் இருக்கிறது. கொலைக்கு ஆதாரம் தேடினால் பண்டைய இஸ்ரவேலின் குற்றவியல் சட்டத்துக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். அந்தச் சட்டத்தின் தண்டனைகள் கிறிஸ்தவர்களைக் கட்டுப்படுத்தாது என்பதே இன்று பெரும்பாலான சபைகளின் நிலைப்பாடு.

"நம்பாதே" என்று சொன்ன காலம்

இடைக்காலம் என்றாலே சூனியக்காரிகளை எரித்த காலம் என்று பலர் நினைக்கிறார்கள். கிறிஸ்தவத்தின் முதல் ஆயிரம் ஆண்டுகளில் திருச்சபையின் எரிச்சல் வேறு பக்கம் இருந்தது. சூனியக்காரிகளை நம்புகிறவர்கள்மீதுதான் அதற்குக் கோபம்.

பிராங்கிய அரசர் சார்லமேன், இன்றைய வட ஜெர்மனியில் இருந்த சாக்சனியைப் பிடித்த பிறகு, ஏறக்குறைய 785-இல் பிறப்பித்த சட்டம் ஒன்று உண்டு. ஒருத்தி மனிதரைத் தின்னும் சூனியக்காரி என்று நம்பி அவளை எரிப்பவனுக்கு மரண தண்டனை என்றது அது. புறமதத்தாரின் மூடநம்பிக்கை என்பது அதற்குச் சொன்ன காரணம். 1080-இல் போப் ஏழாம் கிரகோரி டென்மார்க் அரசருக்கு எழுதிய கடிதத்தில், புயலுக்கும் நோய்க்கும் பெண்களைக் காரணம் காட்டித் தண்டிக்கும் வழக்கத்தைக் கண்டித்தார். ஏறக்குறைய 906-இல் பதிவான ஒரு திருச்சபை விதி இன்னும் தெளிவானது. டயானா தேவியோடு இரவில் விலங்குகள்மேல் ஏறி வெகுதூரம் போகிறோம் என்று சில பெண்கள் சொல்கிறார்கள், அது பிசாசு காட்டும் கனவு, நிஜம் என்று நம்புகிறவன் விசுவாசத்தை இழந்தவன் என்றது. 12-ஆம் நூற்றாண்டில் கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இது இடம்பெற்றதால், படித்த குருமார் எல்லோரும் அறிந்த விதி.

மந்திரம் செய்தவர்களுக்குத் தண்டனையே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. நோன்பு, பரிகாரம், சில இடங்களில் கடுந்தண்டனையும் இருந்தது. ஆனால் ஆயிரக்கணக்கில் பெண்களைக் கொல்லும் வேட்டைக்கு இந்த மனநிலையில் வழியில்லை. கனவு கண்டதற்காக ஒருத்தியைக் கொல்ல முடியாதல்லவா?

நம்பாமல் இருப்பதே குற்றம் ஆனது

திருச்சபையின் போதனைக்கு மாறாக நம்பிய மதவிரோதிகளை விசாரிக்கும் அமைப்புகள் (இன்குவிசிஷன்) 13-ஆம் நூற்றாண்டில் வந்தன. தாங்கள் துரத்தும் குழுக்கள் இரகசியமாகக் கூடிப் பிசாசை வணங்குகின்றன என்று விசாரணைக்காரர்கள் நம்பத் தொடங்கினார்கள். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆல்ப்ஸ் மலைப் பகுதிகளில், இந்தக் கற்பனை பழைய ஊர் மந்திரத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கண்வைத்ததாகப் பேர்வாங்கிய கிழவி, ஒரே தாவலில் சாத்தானின் படையில் சேர்க்கப்பட்டாள்.

ஹைன்ரிஷ் கிராமர் என்ற டொமினிக்கன் துறவி இதில் முக்கியமான ஆள். தன் அதிகாரத்தை உள்ளூர்க்காரர்கள் மதிக்கவில்லை என்று முறையிட்டு, 1484-இல் போப் எட்டாம் இன்னொசென்டிடமிருந்து ஓர் ஆணை வாங்கினார். மறு ஆண்டு, இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள இன்ஸ்ப்ரூக்கில் ஏழு பெண்களை விசாரித்தார். அங்கே அவர் கேட்ட அந்தரங்கக் கேள்விகள் ஆயரின் பிரதிநிதிக்கே பொறுக்கவில்லை. வழக்கு செல்லாது என்று பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஆயர் ஜியார்க் கோல்சர் கிராமரை மறைமாவட்டத்தைவிட்டே போகச் சொன்னார்.

அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் எழுதியதுதான் 'மல்லேயுஸ் மலெஃபிகாரும்'. 'சூனியக்காரிகளின் சம்மட்டி' என்று சொல்லலாம். 1486-இல் அச்சானது. போப்பின் ஆணையை நூலின் முகப்பில் போட்டு, நூலுக்கே போப்பின் ஒப்புதல் இருப்பதுபோல் ஒரு தோற்றம் உண்டாக்கினார். நூலின் முதல் கேள்வியே சூனியக்காரிகள் இல்லை என்பது மதவிரோதமா என்பதுதான். ஆம் என்பது அவர் பதில். 906-இன் விதியைத் தலைகீழாகப் பிடித்தால் கிடைப்பது இது. அன்று நம்பினால் குற்றம். இப்போது நம்பாவிட்டால் குற்றம்.

உடனே நெருப்பு பற்றிவிடவில்லை. ஏறக்குறைய 1560 முதல் 1650 வரையிலான காலம்தான் உச்சம்: சமயப் பிளவு, போர், பயிர் பொய்த்த குளிர் ஆண்டுகள் எல்லாம் ஒன்றாக வந்த காலம். ஐரோப்பா முழுவதும் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் பொதுவான கணக்கு. நான்கில் மூன்று பேருக்கு மேல் பெண்கள். ஏறக்குறைய பாதிப் பேர் இன்றைய ஜெர்மனியை உள்ளடக்கிய புனித ரோமப் பேரரசின் பகுதிகளில் இறந்தவர்கள். கத்தோலிக்கர்கள் செய்தது என்று புராட்டஸ்டன்டுகளோ, அவர்கள் செய்தது என்று இவர்களோ ஒதுங்க முடியாது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தின் தலைவர்களான லூதரும் கால்வினும் சூனியத்துக்கு மரண தண்டனை சரி என்றே கருதினார்கள். ஸ்காட்லாந்தின் வேட்டை முழுக்கப் புராட்டஸ்டன்ட் வேட்டை.

பெயர் கெட்ட ஸ்பானிய இன்குவிசிஷனின் கதை பலருக்கு வியப்பாக இருக்கும். கிராமரின் நூல் சொல்வதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டாம் என்று அது 1538-இலேயே தன் விசாரணைக்காரர்களை எச்சரித்தது. 1610-இல் லோக்ரோன்யோ நகரில் ஆறு பேரை எரித்த பிறகு, வழக்கில் இருந்த மூன்று நீதிபதிகளில் ஒருவரான அலொன்சோ தெ சலசார் ஊர் ஊராகப் போய் வாக்குமூலங்களைச் சரிபார்த்தார். ஏறக்குறைய 1,800 பேர் தாமாக வந்து ஒப்புக்கொண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். பறந்தோம் என்றார்கள், களிம்பு பூசினோம் என்றார்கள். சோதித்துப் பார்த்தால் எதற்கும் ஆதாரம் இல்லை. சூனியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை இங்கே சூனியக்காரரும் இல்லை, சூனியத்தால் பாதிக்கப்பட்டவரும் இல்லை என்ற கருத்தை அவர் அறிக்கையில் எழுதினார். 1614-இல் வந்த புதிய விதிகளுக்குப் பிறகு ஸ்பானிய இன்குவிசிஷனின் கையில் சூனியத்துக்கான மரண தண்டனை கிட்டத்தட்ட நின்றேபோனது. அதே காலத்தில், மேலிடத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத வூர்ஸ்பர்க், பாம்பெர்க் போன்ற சிறு ஆயர் அரசுகளில் நூற்றுக்கணக்கில் எரித்தார்கள்.

எதிர்ப்பு பெரும்பாலும் விசுவாசிகளிடமிருந்தே வந்தது. ஃப்ரீட்ரிஷ் ஷ்பே என்ற இயேசு சபைக் குரு 1631-இல் பெயர் போடாமல் வெளியிட்ட நூலில், இந்தச் சித்திரவதையைக் கொடுத்தால் விசாரிக்கும் நீதிபதியும் ஒப்புக்கொள்வார் என்று வாதிட்டார். பால்தாசர் பெக்கர் என்ற டச்சுப் போதகர் 1691-இல் பிசாசுக்கு உலகில் அப்படியொரு ஆற்றல் இல்லை என்று எழுதி, பதவியை இழந்தார். 1692-இல் சேலத்தில் 19 பேரைத் தூக்கிலிட்டு, ஒருவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்ற வழக்கின் நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவல், 1697-இல் தேவாலயத்தில் எல்லோர் முன்னும் எழுந்து நின்று பொறுப்பை ஏற்றார்.

1735-இன் பிரிட்டிஷ் சட்டம் பழைய பாதைக்கே திரும்பியது. சூனியம் செய்வது குற்றமில்லை. செய்ய முடியும் என்று சொல்லி ஏமாற்றுவது குற்றம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு இது பிடிக்கவில்லை. சூனியத்தை நம்புவதைக் கைவிடுவது வேதாகமத்தையே கைவிடுவதற்குச் சமம் என்று 1768-இல் தன் நாட்குறிப்பில் எழுதினார். இன்றும் பல சபைகளில் இதே வாதம் கேட்கும்.

விக்கா வந்த வழி

ஜெரால்ட் கார்ட்னர் (1884–1964) ஓர் ஆங்கிலேயர். பதின்ம வயதிலேயே இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டம், அப்புறம் அரசு வேலை. மலாய்க் கத்தியான கிரிஸ் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். 1936-இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். 1939-இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில், பழங்காலம் முதல் மறைந்து வாழ்ந்த ஒரு சூனியக் குழுவில் தீட்சை பெற்றதாகச் சொன்னார். 1951-இல் அந்த 1735 சட்டம் நீக்கப்பட்டதும் வெளிப்படையாகப் பேசத் தொடங்கி, 1954-இல் இதைப் பற்றி நூல் வெளியிட்டார்.

அதற்கு முன்னுரை எழுதியவர் மார்கரெட் மர்ரி. எகிப்தியல் அறிஞரான அவர் 1921-இலேயே ஒரு கோட்பாட்டை முன்வைத்திருந்தார்: எரிக்கப்பட்டவர்கள் கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஒரு மதத்தைத் தொடர்ந்து கடைப்பிடித்தவர்கள் என்பது. வரலாற்றாசிரியர்கள் இதைப் பின்னாளில் முற்றாக நிராகரித்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் கிராமரும் மர்ரியும் ஒரே கட்சி. அப்படி ஓர் இரகசிய அமைப்பு நிஜமாகவே இருந்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒருவர் அதைத் தீமை என்றார், மற்றவர் தொன்மை என்றார்.

90 லட்சம் பெண்கள் எரிக்கப்பட்டார்கள் என்று இன்றும் சிலர் சொல்லும் எண்ணுக்கும் அடிப்படை இல்லை. 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஓர் ஊரின் வழக்குகளை வைத்து ஐரோப்பா முழுமைக்கும் பெருக்கிப் போட்ட கணக்கு அது. விக்காவினரில் படித்தவர்கள் பலர் இதை விட்டுவிட்டார்கள். ரொனால்ட் ஹட்டன் என்ற வரலாற்றாசிரியர் 1999-இல் விக்காவின் தோற்றம் பற்றி விரிவாக எழுதிய பிறகு, தங்கள் மதம் புதியது என்று ஒப்புக்கொள்வதில் அவர்களுக்குப் பெரிய தயக்கமும் இல்லை.

எண்ணிக்கையில் அவர்கள் சிறிய கூட்டம். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துப் பேகன் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய மதங்களைப் புதுப்பிக்க முயல்வோர்) என்று எழுதியவர்கள் ஏறக்குறைய 74,000 பேர், விக்கா என்று எழுதியவர்கள் ஏறக்குறைய 13,000 பேர். யாருக்கும் கேடு செய்யாமல் உன் விருப்பப்படி நட என்பது அவர்களின் முதன்மை நெறி.

இன்றைய சபைகள் எங்கே நிற்கின்றன

1. கத்தோலிக்கத் திருச்சபை. நல்ல நோக்கத்தோடு செய்தாலும் மந்திர வித்தை இறைப்பற்றுக்கு எதிரானது என்கிறது அதன் மறைக்கல்வி நூல் (எண் 2117). குறி கேட்பது, ஜாதகம் பார்ப்பது முந்தைய எண்ணிலேயே வந்துவிடுகிறது. நியூ ஏஜ் என்ற புதுயுக ஆன்மிகப் போக்கைப் பற்றி வத்திக்கான் 2003-இல் வெளியிட்ட ஆவணம் விக்காவையும் குறிப்பிடுகிறது. தொனியில் ஆவேசம் இல்லை. மறுப்பில் தளர்வும் இல்லை.

2. இவாஞ்சலிக்கல் சபைகள். இங்கே இரண்டு குரல்கள். விக்காவினர் சாத்தானை வணங்குகிறவர்கள் அல்ல, தவறான பாதையில் போகிறவர்கள், அன்போடு சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. அவர்களுக்குத் தெரியாமலே பிசாசைத்தான் சேவிக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது குரலுக்கு ஆதாரம் 1 கொரிந்தியர் 10:20, அதாவது அந்நியர் பலியிடுவது பேய்களுக்கே என்ற பவுலின் வாக்கியம். எங்கள் மதத்தில் சாத்தானே கிடையாது என்று விக்காவினர் எத்தனை முறை சொன்னாலும் எடுபடாததற்குக் காரணம் இதுதான். வணங்குகிறவர் என்ன நினைக்கிறார் என்பது இந்த வாதத்தில் கணக்கில் வராது.

இந்த வாதம் விக்காவோடு நிற்காது என்பதைத் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டும். இதே அளவுகோலை வைத்தால் கோயிலுக்குப் போகிற யாரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். ஆனாலும் கோயிலுக்குப் போகும் பக்கத்து வீட்டாரோடு கிறிஸ்தவர்கள் பலகாரம் மாற்றிக்கொண்டுதான் வாழ்கிறார்கள். விக்காமீது மட்டும் தனி அச்சம் ஏன்? இறையியலைவிட, அவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்ட பெயருக்கும் அதன் பின்னாலுள்ள 15-ஆம் நூற்றாண்டுக் கற்பனைக்கும் இதில் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

3. பெந்தெகொஸ்தே, கரிஸ்மாட்டிக் சபைகள். சூனியத்துக்கு நிஜ ஆற்றல் உண்டு, அதை ஜெபத்தாலும் இயேசுவின் நாமத்தாலும் முறிக்க வேண்டும் என்பது இவர்களின் ஆவிக்குரிய யுத்தப் போதனை. தமிழ்நாட்டு மேடைகளில் பில்லிசூனியக் கட்டு என்று கேட்கும்போது பேச்சு ஊர்ச் செய்வினையைப் பற்றியது. விக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கப் பிரசங்கங்களைக் கேட்டுவிட்டு இரண்டையும் ஒன்றாக்குவதால்தான் பாதிக் குழப்பம்.

4. தாராளவாதப் புராட்டஸ்டன்டுகள். விக்காவை மற்ற மதங்களைப் போல ஒரு மதமாகப் பார்த்து உரையாடலாம் என்கிறவர்கள். குரல் சிறியது.

அமெரிக்காவில் இந்த மோதல் நீதிமன்றம்வரை போனது. 1986-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் விக்கா அரசியலமைப்பின் பாதுகாப்பு பெறும் மதம் என்றது. 1999-இல் ஃபோர்ட் ஹூட் இராணுவத் தளத்தில் விக்கா வழிபாட்டுக்கு அனுமதி இருப்பது தெரிந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தடை கேட்டார். அப்போது டெக்ஸஸ் ஆளுநராக இருந்த ஜார்ஜ் புஷ் சூனியம் ஒரு மதம் என்று தான் நினைக்கவில்லை என்றார். 2007-இல், அவர் அதிபராக இருந்தபோதே, இறந்த விக்கா வீரர்களின் கல்லறைக் கல்லில் ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பொறிக்க அரசு இசைந்தது.

இதற்கு நடுவே 1980-களில் சாத்தானியப் பீதி ஒன்றும் அடித்து ஓய்ந்தது. குழந்தைகள் காப்பகங்களில் சாத்தான் பலி நடக்கிறது என்ற வதந்தியில் அப்பாவிகள் பல ஆண்டுகள் வழக்குகளில் மாட்டினார்கள். முன்பு சாத்தானியப் பூசாரியாக இருந்தேன் என்று எழுதிப் புகழ்பெற்ற மைக் வார்ன்கியின் கதை பொய் என்று 1992-இல் அம்பலப்படுத்தியது ஒரு கிறிஸ்தவப் பத்திரிகைதான். சலசார் செய்த வேலையை அவர்கள் செய்தார்கள்: போய் விசாரித்தார்கள்.

உயிர் போகிற இடம்

கலிபோர்னியாவில் மெழுகுவத்தி ஏற்றும் விக்கா குழுவால் யாருக்கும் ஆபத்தில்லை. அதைக் கண்டிக்கும் போதகராலும் பெரிய ஆபத்தில்லை. சூனியக்காரி என்ற குற்றச்சாட்டு இன்னமும் ஆளைக் கொல்வது வேறு இடங்களில். காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் நைஜீரியாவின் தென்கிழக்கிலும் சில தனிச் சபைகளின் போதகர்கள் குழந்தைகளைச் சூனியம் பிடித்தவர்கள் என்று அறிவித்து, காசு வாங்கிக்கொண்டு ஓட்டும் சடங்கு நடத்தினார்கள். பட்டினி, அடி, வீட்டைவிட்டுத் துரத்தல் எல்லாம் அதன் பகுதி. காங்கோவின் 2006 அரசியலமைப்பும் நைஜீரியாவின் அக்வா இபோம் மாநிலம் 2008-இல் கொண்டுவந்த சட்டமும் குழந்தைகள்மீது இப்படிக் குற்றம் சாட்டுவதைத் தடை செய்கின்றன. 2021 ஜூலையில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையும் இதற்கெதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது.

வடக்குக் கானாவில், ஊர் துரத்திய மூதாட்டிகள் அடைக்கலமாக வாழும் முகாம்கள் இன்றும் உண்டு. கம்பாகா முகாமில் இருக்கும் பெண்களைப் பராமரித்து, ஊர்ப் பெரியவர்களோடு பேசி வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்வது கானா பிரெஸ்பிட்டேரியன் சபை. சூனியம் பாவம் என்று போதிக்கும் சபைதான் அதுவும். 2020-இல் வடக்குக் கானாவில் 90 வயது மூதாட்டி ஒருவரைக் கூட்டமாக அடித்துக் கொன்ற பிறகு, ஒருவரைச் சூனியக்காரி என்று அறிவிப்பதையே குற்றமாக்கும் மசோதாவை 2023 ஜூலையில் கானா நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அப்போதைய அதிபர் அதற்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார்.